மாவுக் குண்டான் கொள்ளும் ஃபிரிட்ஜ்

புது ஃபிரிட்ஜின் கதவை முதல்முறை திறக்கும்போது ஒரு வாசனை வரும். ரப்பரும் தெர்மாகோலும் புதுப் பள்ளிக்கூடப் பையும் சேர்ந்தாற்போன்ற அந்த வாசனையை, ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை விடுமுறையில், கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குள், ஒரே முற்பகலில் பதினோரு தடவை முகர்ந்தேன். பதினோரு ஃபிரிட்ஜ்கள் சுவரோரமாக வரிசையில் நின்றன. அப்பா ஒவ்வொன்றின் கதவையும் திறந்து தலையை உள்ளே விட்டார். அவர் தலையை வெளியே எடுத்ததும் நான் விட்டேன். அப்பா உள்ளே பார்த்தது எதை என்று எனக்கு அப்போது தெரியாது. நான் வாசனைக்காகத்தான் விட்டேன்.

அப்பா நைனார்பாளையத்தில் பால் சங்கத்தில் பால் அளந்து வாங்கும் வேலையில் இருந்தார். ஒரு சொம்புப் பாலைப் பார்த்த மாத்திரத்தில் அதில் எவ்வளவு தண்ணீர் என்று சொல்லிவிடுவார் என ஊரில் அவருக்குப் பேர் இருந்தது. ஆனால் அவர் தன் கண்ணை நம்பமாட்டார், கருவியை விட்டுப் பார்த்த பிறகுதான் நம்புவார். பாலின் சூடு பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று எப்போதும் அவர் சட்டைப்பையில் பேனாவோடு பேனாவாகச் செருகியிருக்கும். அன்றைக்கும் அதை எடுத்து முதல் ஃபிரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, கடையில் வேலை பார்த்தவரிடம், "இத்த கரண்ட்ல போடுங்க. ஓடாத பொட்டியில இன்னாத்த அளக்கறது?" என்றார். அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ்தான். அதற்குள் கடைக்காரர்களின் தண்ணீர் பாட்டில்களும் யாரோ ஒருவருடைய தயிர்சாத டப்பாவும் இருந்தன. மற்ற பத்தையும் ஒவ்வொன்றாக இழுத்துவந்து சொருகி, அரை மணிக்கு ஒருதரம் அளந்து முடிப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. அது கரண்ட் இருக்கும் நேரத்தைவிட இல்லாத நேரம் ஜாஸ்தியாக இருந்த காலம். "அப்ப மறுபடியும் வரேன்," என்று அப்பா சொன்னபோது, அந்த விற்பனையாளரின் முகம் போன போக்கை என்னால் இன்றைக்கும் வரைந்து காட்ட முடியும்.

சொன்னபடியே மறுபடியும் போனார். விருத்தாசலம் சாலையில் இருந்த கடைக்குப் போனார், திருக்கோவிலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்திக்கு முன்னால் அங்கிருந்த கடைக்கும் போனார். சங்கத்தில் மிஞ்சிய நீள நோட்டுப் புத்தகம் ஒன்றில் கட்டங்கள் போட்டு, எத்தனை லிட்டர் கொள்ளும், எவ்வளவு கரண்ட் இழுக்கும், கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் குளிர் நிற்கும், எவ்வளவு கம்மியான வோல்டேஜில் ஓடும், பழுதானால் ஆள் எங்கிருந்து வரவேண்டும் என்றெல்லாம் எழுதி வைத்தார். கடைசிக் கட்டத்தில் கள்ளக்குறிச்சி என்றால் சரிக்குறி. விழுப்புரம் என்றால் பெருக்கல் குறி.

கம்பெனிப் பெயர்களை நான் இங்கே எழுதப்போவதில்லை, எங்கள் தெருவிலும் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்லிக் கேட்டதில்லை. கதவில் செம்பருத்தி அச்சடித்திருந்தது 'பூப்போட்டது'. மேலே ஐஸுக்குத் தனிக் கதவு வைத்தது 'ரெட்டைக் கதவு'. இடுப்பளவே இருந்தது 'சின்னப் பொட்டி'. விலை குறைவாய், உடம்பு கனமாய், ஓட ஆரம்பித்தால் கிணற்று மோட்டாரைப் போல் உறுமுவது 'சத்தக்காரன்'. இந்த நான்கு பெயர்களும் அப்பாவின் நோட்டில் ஏறி, அங்கிருந்து டீக்கடைக்குப் போய், அங்கிருந்து ஊரெல்லாம் பரவின. அதுவரை பால் சங்கத்துக்காரர் வீடாக இருந்த எங்கள் வீடு, ஒரே மாதத்தில், ஃபிரிட்ஜ் வாங்குகிறவர்கள் வந்து விசாரித்துவிட்டுப் போகும் வீடாயிற்று.

வந்தவர்களிடம் அப்பா பட்ஜெட்டைக் கேட்கமாட்டார். "உங்க ஊட்ல ஒரு நாளைக்கு இன்னா மிச்சமாவுது?" என்றுதான் ஆரம்பிப்பார். இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலை யாரிடமிருந்தும் லேசில் வாங்க முடியவில்லை. ரைஸ்மில்காரரின் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க ஊட்ல ஒண்ணும் மிச்சமாவாதுங்க. செஞ்சது செஞ்ச அன்னிக்கே காலி," என்றார். ரைஸ்மில்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஞாயித்துக்கெழம வெச்ச கொழம்பு பொதங்கெழம வரைக்கும் வருதே," என்றார். அவர்களுக்கு 'ரெட்டைக் கதவு' என்று தீர்ப்பாயிற்று. ஐஸ் தானாகவே கரைந்துவிடும், கத்தியால் சுரண்டி ஓட்டை போடும் ஆபத்து கிடையாது, பணமும் அவர்களிடம் இருந்தது. தையல் மிஷின் வைத்திருந்த செல்வி அக்கா தனியாக இருந்தவர்; 'பூப்போட்டது' மேல் ஆசையோடு வந்த அவரிடம், "ஒன்னோட மிச்சமே ஒரு டம்ளரு ரசம். அதுக்கு ஏம்மா அவ்ளோ பெரிய பொட்டி? சின்னதே போதும்," என்று அப்பா சொல்ல, அவர் 'சின்னப் பொட்டி' வாங்கி, மனசு ஆறாமல், செம்பருத்திப் படம் ஒன்றை எங்கிருந்தோ வாங்கிவந்து அதன் கதவில் ஒட்டிக்கொண்டார்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. ஊருக்கெல்லாம் ஃபிரிட்ஜ் தேர்ந்து கொடுத்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை.

தேவை எல்லாரையும்விட எங்களுக்குத்தான் இருந்தது. அம்மா அந்த வருஷம்தான் களை வெட்டப் போவதை நிறுத்திவிட்டு, கிரைண்டர் வாங்கிப் போட்டு, இட்லி மாவு விற்க ஆரம்பித்திருந்தார். காலையில் தெருவே பாத்திரத்தோடு வந்து வாங்கிப்போகும். மிஞ்சியது பெரிய அலுமினியக் 'குண்டானில்' இருக்கும். சித்திரை வெயிலில் மதியத்துக்குள் பொங்கி, மூடியைத் தூக்கி, வழிந்து, சாயந்தரம் வாங்க வருகிறவர்கள் மூக்கைச் சுளிக்கும்படி ஆகிவிடும். அதைக் கழுநீரில் கலந்து மாட்டுக்கு வைத்துவிடுவார். அந்தக் கோடையில் எங்கள் வீட்டில் சதை போட்டது மாடு மட்டும்தான்.

"ஊருக்கெல்லாம் பாத்துச் சொல்லிக்கினு கீறீங்களே, நம்ம ஊட்டுக்கு எப்பங்க?" என்று அம்மா கேட்பார்.

"அவசரப்படாத. இன்னும் ரெண்டு கட்டம் ரொப்பணும்," என்பார் அப்பா.

"நீங்க கட்டம் ரொப்பறதுக்குள்ள நான் மறுபடியும் களைக்கொத்த எடுத்துக்கினு போயிடுவேன் போல கீது." இதை அம்மா கோபமாகச் சொல்லமாட்டார், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொல்வார். அதனால்தானோ என்னவோ அப்பாவுக்கு உறைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் வெள்ளையன் வந்தார். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூர் அவருக்கு. புளி விற்க இறங்கும்போதெல்லாம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார், அப்பாவுக்கு நெடுநாள் சிநேகிதர். அந்த வருஷம் மரவள்ளிக்கிழங்குக்கு நல்ல விலை கிடைத்திருந்தது. அவர் மனைவி பொன்னிக்கு ஒரு ஃபிரிட்ஜ் வேண்டுமாம். அப்பா நோட்டை விரித்து, அன்றைக்கு முழுக்க யோசித்து, மலையில் கரண்ட் கம்மியாக வரும், ஆகவே கம்மியான வோல்டேஜிலும் ஓடுவதாகக் கடைக்காரர்கள் சத்தியம் செய்த 'சத்தக்காரன்'தான் அங்கே தாங்கும் என்று முடிவு சொன்னார். வெள்ளையன் ஒரு வார்த்தை மறுகேள்வி கேட்காமல், மறுநாளே அதை வாங்கி, மினி லாரியில் ஏற்றி, கயிறு கட்டி, அதன்மேல் ஒரு கையை வைத்துக்கொண்டே மலையேறிப் போனார்.

ஒரு மாதம் கழித்து அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "போய் ஒரு தரம் அளந்துட்டு வந்துடலாம், வா பாப்பா," என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். கச்சிராயபாளையம் தாண்டி, வளைவுகளில் எனக்கு இரண்டு முறை வாந்தி வந்து, வெள்ளிமலையில் இறங்கி, நடந்து போய்ச் சேர்ந்தபோது, சாமைக் கதிர் காய்ந்துகொண்டிருந்த வாசலில் வெள்ளையன் இரண்டு கையையும் நீட்டி வரவேற்றார். வீட்டுக்குள் நடுநாயகமாக, பொட்டு வைத்து, மாலை போட்டு, 'சத்தக்காரன்' நின்றான். சத்தம் மட்டும் வரவில்லை.

கூரையில் தொங்கிய குண்டு பல்பை அப்பா அண்ணாந்து பார்த்தார். கரண்ட் இருந்தது. பல்புக்குள் கம்பி சிவப்பாகத் தெரிந்தது, கம்பி இருப்பது தெரியுமளவுக்குத்தான் வெளிச்சம். அந்தக் கரண்டில் ஃபிரிட்ஜ் என்ன, ஒரு கொசுகூட உறுமாது.

பொன்னி இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, பூட்டைத் திறந்து, கதவை விரித்துக் காட்டினார். மேல் தட்டில் சாமை விதை, துணியில் கட்டிய முடிச்சுகளாக. அதற்குக் கீழே தினை, அவரைக்கொட்டை, பூசணி விதை. முட்டை வைக்கும் குழிகளில் நூல்கண்டுகள். காய்கறி டிரேயில் ரேஷன் கார்டும் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்களும் ஒரு பட்டுப்புடவையும். அப்பா பழக்கதோஷத்தில் தெர்மாமீட்டரை எடுத்து விதை முடிச்சுகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, பிறகு அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓடலியாம்மா?" என்று கேட்டார்.

"ஓடலிங்கண்ணா."

"எப்பலேந்து?"

"வந்த நாள்லேந்தே ஓடலிங்க."

"ஒரு வார்த்த சொல்லி அனுப்பக்கூடாதா? கெட்டுப்போச்சுன்னு கடைக்காரங்கிட்ட சொல்லி மாத்திக் குடுத்திருப்பேனே."

பொன்னிக்கு அது விளங்கவில்லை. "கெட்டே போவலியேண்ணா," என்றார். "வருசா வருசம் வெதையில பாதிய எலி தின்னுடும். குதிருல வெச்சாலும் தின்னுது, பானையில வெச்சாலும் தின்னுது. இதுல ஒரு எலி பூர முடியல பாருங்க. நீங்க சொல்லித்தான வாங்கனோம்."

"குளுரணுமேம்மா. அதுக்குத்தான இது."

"குளுருதான் வெளிய கெடக்குதே," என்றார் பொன்னி.

வெள்ளையன் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சமாதானப்படுத்துகிறவர் போல, "இத்தப் பாத்துட்டு எங்க ஊர்ல இன்னும் மூணு பேரு இதையே வாங்கணும்ங்கறாங்க. உங்க பேரச் சொல்லியிருக்கேன்," என்றார். அப்பா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர்கள் போட்ட கோழிக்குழம்பும் சாமைச் சோறும் எனக்கு இன்றும் நாக்கில் நிற்கின்றன. அப்பா என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

 இறங்கி வருகையில் பஸ்ஸில், என்னிடம் சொல்கிறாரா தனக்கே சொல்லிக்கொள்கிறாரா என்று தெரியாதபடி, "எலிக்கு ஒரு கட்டம் போடணும்னு தோணலியே எனக்கு," என்றார். வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் பரண்மேல் போட்டார். விசாரிக்க வந்த இரண்டு பேரிடம், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க, கடைக்காரனையே கேளுங்க," என்று சொல்லி அனுப்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு எதை வாங்குவது என்ற பேச்சையே எடுக்கவில்லை. அந்த வாரம் மூன்று நாள் மாவு வீணாயிற்று. நான்காம் நாள் கிரைண்டர் ஓடவில்லை. கொட்டகை மூலையில் செருகியிருந்த களைக்கொத்தை அம்மா எடுத்துக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். களை வெட்டப் போன நாட்களில் அம்மா சாயந்தரம் யாரோடும் பேசமாட்டார்.

மலையில் நடந்ததை முழுசாக அம்மாவிடம் சொன்னது நான்தான். பல்பையும் பொன்னியின் சாவியையும் பட்டுப்புடவையையும் சொல்லச் சொல்ல அம்மா தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடித்ததும் கொஞ்சநேரம் சிரித்தார். பிறகு, "அவளுக்கு இன்னா வேணும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது," என்று சொல்லி, களைக்கொத்தைக் கொட்டகையில் செருகிவிட்டு, மாவுக் குண்டானைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

மறுநாள் காலை, அப்பா சங்கத்துக்குப் போன பிறகு, அம்மா நல்ல புடவை கட்டி, ஃபிரிட்ஜுக்கென்று சேர்த்திருந்த பணத்தை முந்தானையில் முடிந்து, குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். கண்டக்டர் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "காலியா கீதும்மா. இத்த எங்க எடுத்துக்கினு போற?"

"ஃபிரிட்ஜ் வாங்க," என்றார் அம்மா.

கண்டக்டர் மூடியைப் பழையபடி வைத்துவிட்டார். லக்கேஜ் டிக்கெட் போடவில்லை.

கடையில் அதே விற்பனையாளர். என்னைக் கண்டதும் என் பின்னால் எட்டிப் பார்த்து, "சார் வரலையா?" என்று கேட்டார். வரவில்லை என்றதும் அவர் தோள் இரண்டும் கீழே இறங்கின. அம்மா கம்பெனிப் பெயரைக் கேட்கவில்லை, லிட்டரைக் கேட்கவில்லை. முதல் ஃபிரிட்ஜைத் திறந்து, "இந்தத் தட்ட எடுங்க," என்றார், விற்பனையாளர் எடுத்தார். குண்டானை உள்ளே தூக்கி வைத்துக் கதவைச் சாத்தினார். கதவு சாத்தவில்லை. அடுத்தது. 'பூப்போட்டதில்' குண்டான் போயிற்று, ஆனால் கதவில் இருந்த பாட்டில் தட்டு அதன் வயிற்றில் முட்டியது. 'ரெட்டைக் கதவில்' அகலம் இருந்தது, உயரம் இல்லை; "மாவு பொங்கனா எங்க போவும்?" என்று அம்மா கேட்டதும் விற்பனையாளரே குண்டானை வெளியே எடுத்துவிட்டார். கடையில் மற்றவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். பொருள் வாங்க வந்த யாரோ ஒருவரும் நின்றார். கடைசி மூலையில் 'சத்தக்காரன்'. கம்பித் தட்டை உருவிவிட்டு வைத்ததும் குண்டான் பிள்ளையார் கர்ப்பகிரகத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது. மேலே நான்கு விரல் இடம். கதவு 'டப்' என்று சாத்திக்கொண்டது. சுற்றி நின்றவர்களில் ஒருவர் கைதட்டினார்.

"இதுதான்," என்றார் அம்மா. நாங்கள் கடைக்குள் நுழைந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. விற்பனையாளர் நன்றி மிகுதியில் ஆறு தண்ணீர் பாட்டில்களும் ஒரு ஸ்டெபிலைசரும் சலுகையில் சேர்த்துக் கொடுத்தார்.

சாயந்தரம் வீட்டுக்குள் காலடி வைத்த அப்பா, உறுமல் கேட்டு நின்றார். அதைச் சுற்றிவந்து பார்த்தார். யார் வாங்கியது, எப்போது வாங்கியது என்று எதுவும் கேட்காமல் கை கால் கழுவப் போய்விட்டார். அடுத்த நான்கு நாள் அவர் மண்பானைத் தண்ணீரைத்தான் குடித்தார். ஃபிரிட்ஜைத் தாண்டிப் போகும்போது, பேச்சு விட்டுப்போன உறவுக்காரரைக் கடந்து போகிறவர் போல் முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு போனார். காலையில் அரைத்த மாவு மறுநாள் காலைவரை புளிக்காமல் இருந்தது; மாடு தொட்டியைப் பார்த்துவிட்டு எங்களைப் பார்த்தது.

ஐந்தாம் நாள், நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அப்பா யாரும் பார்க்காத மாதிரி வந்து, கதவைத் திறந்து, தெர்மாமீட்டரை உள்ளே வைத்தார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எவ்ளோ காட்டுது?"

அப்பா திடுக்கிட்டார். தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து, "ஆறு," என்றார்.

"அது போதுமா?"

"மாவுக்குப் போதும்."

"அப்ப செரி," என்றார் அம்மா. "தண்ணி வெச்சிருக்கேன், எடுத்துக் குடிங்க."

அவர் எடுத்துக் குடித்தார். அம்மா அதற்கப்புறம் களை வெட்டப் போகவில்லை. எட்டு வருஷம் அந்த மாவில்தான் நான் படித்தேன். வெள்ளையன் ஊரில் அந்த மூன்று பேரும் அதே ஃபிரிட்ஜை வாங்கினார்கள். பிற்பாடு மலைக்கு நல்ல கரண்ட் வந்தபோது பொன்னி அதை ஓடவிட மறுத்துவிட்டாராம். குளிரவைக்க வேறு ஒன்று வாங்கிக்கொள்ளச் சொன்னாராம், இதில் விதை இருக்கிறது என்று.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். போன வருஷம் என் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கியது கைபேசியில், ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கும்போது. எந்தக் கதவுக்குள்ளும் தலையை விடவில்லை. நைனார்பாளையத்தில் எல்லா வீட்டுக்கும் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது, எல்லாரும் கம்பெனிப் பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள், 'பூப்போட்டது' என்றால் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு முழங்கால் வலி, கிரைண்டர் நின்றுவிட்டது. 'சத்தக்காரனை' எடைக்குப் போட்டாயிற்று. புதிதாக வந்திருப்பது சத்தமே போடாது. அதற்குள் அரை லிட்டர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் மூன்று மாத்திரை அட்டைகளும், இத்தனை இடம் எதற்கு என்று கேட்பதுபோல் உட்கார்ந்திருக்கின்றன.

சென்ற மாதம் ஊருக்குப் போயிருந்தேன். முற்பகலில் எதிர்வீட்டு மருமகள் திவ்யா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு வேகமாக உள்ளே வந்தாள். கேக். சாயந்தரம் அவள் மகள் யாழினிக்கு ஐந்தாவது பிறந்தநாள். "எங்க ஊட்டு ஃபிரிட்ஜ்ல வெச்சா பாத்துடுவாம்மா. அதத் தெறந்து தெறந்து பாக்கறதுதான் அவளுக்கு வேலையே. உங்க ஊட்ல வெச்சிக்கறீங்களா?" என்றாள். அம்மா பால் பாத்திரத்தையும் தயிர்க் கிண்ணத்தையும் நகர்த்தி, நகர்த்தவே தேவையில்லாத இடத்தில் ரொம்பக் கஷ்டப்பட்டு இடம் செய்து, பெட்டியை உள்ளே வைத்தார். அப்பா நாற்காலியை ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தித்தாளோடு உட்கார்ந்தார்.

மூன்று மணிவாக்கில் யாழினியே வந்து நின்றாள். வெயிலில் விளையாடி முகம் சிவந்திருந்தது. "தாத்தா, ஐஸ் தண்ணி," என்றாள்.

அப்பா எழுந்தார். கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார். நாற்பது வருஷம் ஊராருக்குப் பாலைக் குறைத்தோ கூட்டியோ சொல்லாத மனிதர்.

"கரண்ட் இல்ல பாப்பா," என்றார். "ஃபிரிட்ஜ் ஓடல. குளுந்திருக்காது."

யாழினி தலையை நிமிர்த்தி, அவர் தலைக்குமேல் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தாள். அப்பாவும் நிமிர்ந்து பார்த்தார். அடுப்படி வாசலில் நானும் அம்மாவும் எட்டிப் பார்த்தபடி நின்றோம்.

"அது வேற லைனு," என்றார் அப்பா.